மசக்கை படுத்திய பாட்டுக்குப் பிறகு இரண்டாவதுக்கு யோசிப்பது எப்படி?

பாபநாசம்_மருமகள்:

வணக்கம் தோழிகளே. எனக்கு 31 வயது, மகளுக்கு நாலு. தஞ்சாவூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு வேலை. வீடு பாபநாசம் பக்கம், கூட்டுக் குடும்பம்.

மகளைச் சுமந்தபோது எனக்கு வந்ததைச் சாதாரண மசக்கை என்று சொல்ல முடியாது. ஆறாவது வாரம் தொடங்கியது. சோறு கிடக்கட்டும், தண்ணீரே தங்கவில்லை. 52 கிலோ இருந்தவள் 44-க்கு வந்தேன். எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். விழுங்கினால் குமட்டும். தலைமாட்டில் ஒரு டம்ளரை வைத்துத் துப்பிக்கொண்டே கிடந்தேன். எங்கள் தெருக்கோடியில் ரைஸ் மில். நெல் அவிக்கிற நாளில் என் கணவர் ஜன்னல், கதவையெல்லாம் சாத்தி இடுக்கில் துணி செருகுவார். அப்படியும் அந்த வாடை உள்ளே வந்துவிடும். திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஹைப்பர்எமெசிஸ் கிராவிடாரம்’, அதாவது கர்ப்பத்தில் வரும் கடுமையான வாந்தி நோய், என்று எழுதியிருந்தது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு குறைந்தது, ஆனால் முழுசாக விடவில்லை. வளைகாப்பு அன்றுகூட மனையை விட்டு எழுந்து ஓடினேன்.

இப்போது மாமியார் பிள்ளை வரம் வேண்டித் திருக்கருகாவூர் போய் அம்பாளிடம் வைத்து நெய் வாங்கி வந்திருக்கிறார். ஒரு மண்டலம் நாங்கள் இருவரும் சாப்பிட வேண்டுமாம். சத்தம் போட்டு வற்புறுத்துகிறவர் இல்லை. சாமி அலமாரியில் வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறார். கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். எனக்கும் இன்னொரு பிள்ளைமேல் ஆசை இருக்கிறது. ஆசை இல்லாவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

மறுபடியும் வருமா? இதே நிலையில் இருந்தவர்கள் எதை வைத்து முடிவு எடுத்தீர்கள்? "ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு மாதிரி, பயப்படாதே" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அதை ஊரில் எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள்.

கும்பகோணம்_டிகிரி:

நான் ஒன்றோடு நிறுத்தியவள், அதனால் என் பேச்சு ஒருதலையாகத்தான் இருக்கும். காபிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு காபிக்கொட்டை வறுக்கும் தெருவுக்கே போகாமல் பத்து மாதம் ஓட்டியவள் நான். மகன் பிறந்த பிறகும் ரொம்ப நாள் வெங்காயம் வதங்கினால் கைகால் நடுங்கும். இரண்டாவது வேண்டாம் என்று முடிவு செய்தபோது பெரிய துக்கம் எதுவும் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. உங்களுக்கு அந்த முடிவை நினைத்தால் நிம்மதி வருகிறதா, ஏமாற்றம் வருகிறதா? நான் கேட்பது அவ்வளவுதான். "ஒத்தப் பிள்ளையா?" என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. கேட்டவர் யாரும் எனக்காக டம்ளர் கழுவப்போவதில்லை.

நெய் விஷயம். அந்தக் கோயில் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நித்துருவ முனிவர் வெளியே போயிருக்கிறார். கர்ப்பிணியான வேதிகை அசதியில் படுத்திருக்கிறாள். பிச்சை கேட்டு வந்த ஊர்த்துவபாத முனிவரை எழுந்துபோய்க் கவனிக்க முடியவில்லை. அவர் கோபத்தில் சபித்துவிட்டார். சிதைந்த கருவை அம்பாள்தான் குடத்தில் வைத்துக் காப்பாற்றினாள். முடியாமல் படுத்திருக்கிறவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைக்கும் ஆள் தலபுராணத்திலேயே இருக்கிறார். அம்பாள் யார் பக்கம் நின்றாள் என்பதையும் மாமியாரிடம் நினைவுபடுத்தலாம்.

ஒரத்தநாட்டுக்காரி_சிங்கையில்:

"மறுபடியும் வருமா" என்பதற்கு ஒரே எண்ணாகப் பதில் கிடைக்காது. நார்வேயின் பிரசவப் பதிவேட்டை வைத்து 2005-ல் வெளிவந்த ஆய்வில், முதல் கர்ப்பத்தில் இது வந்தவர்களில் 15.2 சதவீதம் பேருக்கு இரண்டாவதிலும் வந்தது. முதலில் வராதவர்களில் 0.7 சதவீதம்தான். அமெரிக்காவில் 2011-ல், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களையே கேட்டுச் செய்த ஆய்வில் 81 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்திருந்தது. இத்தனை வித்தியாசம் ஏன் என்றால், முதலாவது பதிவேட்டில் ஏறியவர்களை எண்ணியது, இரண்டாவது படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களிடம் போய்க் கேட்டது. எட்டு கிலோ இறங்கிய உங்களை நான் இரண்டாவது கூட்டத்துக்குப் பக்கத்தில்தான் வைப்பேன். வரும் என்றே வைத்துக்கொண்டு யோசியுங்கள். வராவிட்டால் லாபம்.

காரணம் இப்போது ஓரளவு தெரிந்துவிட்டது. கரு வளர வளர நஞ்சுக்கொடியில் இருந்து ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அது மூளையில் குமட்டலைத் தூண்டும் இடத்தில் போய் வேலை செய்கிறது. கர்ப்பத்துக்கு முன்பு உடம்பில் இந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்களுக்கு அந்தத் திடீர் ஏற்றம் தாங்கவில்லை. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ள பெண்களுக்கு எப்போதுமே இந்த ஹார்மோன் அதிகம். அவர்களுக்குக் கர்ப்பத்தில் குமட்டல் குறைவாம். இந்த ஆய்வு 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்டீபன் ஓராஹிலியும் கலிபோர்னியாவின் மார்லேனா ஃபெய்சோவும் சேர்ந்து செய்தது. ஃபெய்சோ 1999-ல் இதே நோயில் தன் கருவை இழந்தவர். அப்போது அவருடைய டாக்டர் அவர் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆக, "மனசு சரியில்லை, பிள்ளை பிடிக்கவில்லை, அதனால்தான் வாந்தி" என்று யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள்.

ஹார்மோனை முன்கூட்டியே கொஞ்சம் கூட்டிவைத்து உடம்பைப் பழக்கலாமா என்று மெட்ஃபார்மினை வைத்துப் பார்க்கிறார்கள். அது இன்னும் ஆராய்ச்சிதான். இதைப் படித்துவிட்டு யாரும் சர்க்கரை மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.

இங்கிலாந்து இளவரசி கேத்தரினுக்கு மூன்று கர்ப்பத்திலும் இதே நோய் வந்தது. அவரும் மூன்று பெற்றார்.

கும்பகோணம்_டிகிரி:

அரண்மனையும் ஆள்படையும் கொடுத்தால் நானும் மூன்று பெற்றிருப்பேன் சிங்கை அக்கா.

மயிலாடுதுறை_பாட்டி:

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. பேத்தி தட்டச்சு செய்கிறாள். மசக்கை என்றால் எங்கள் நாளில் நார்த்தங்காய் ஊறுகாய், மாவடு, சுக்குத் தண்ணீர். பிறந்த வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அதுவே பாதி வைத்தியம். புகுந்த வீட்டு அடுப்படியில் இருந்து ஆளை விலக்கிவிடுகிறார்கள் இல்லையா? இப்போது நீங்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறீர்கள், அதற்கு வழியில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். "எங்கள் காலத்தில் யாருக்கு இப்படி எல்லாம் வந்தது" என்று என் வயதுக்காரிகள் சொல்வார்கள். வந்தது. என் ஓரகத்தி ஒருத்தி நாலாம் மாதம் எதுவும் இறங்காமல், கண் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். காத்துக்கருப்பு என்று மந்திரித்தார்கள். அவள் பேரைக்கூட இப்போது வீட்டில் யாரும் எடுப்பதில்லை. மருமகளே, சம்மதம் சொல்வதற்கு முன்னால் உன் அம்மாவிடம் பேசு. எத்தனை மாதம் வைத்துப் பார்க்க முடியும் என்று கேள். உன் மாமியாரிடமும் அதே கேள்வியைக் கேள்.

வெண்ணாற்றங்கரை_நர்ஸ்:

கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பாட்டி அம்மா சொன்ன ‘கண் இரண்டிரண்டாக’ என்பதை எல்லோரும் கவனியுங்கள். ஓரகத்திக்கு என்ன நடந்தது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் வாரக்கணக்கில் சாப்பாடு இறங்காதவர்களுக்கு வைட்டமின் பி1, அதாவது தயமின், தீர்ந்துபோனால் கண், நடை, நினைவு மூன்றும் தடுமாறும். நம் ஊரில் வாந்தி என்றாலே "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கம். தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் உடம்பு இருக்கிற கொஞ்சநஞ்ச தயமினையும் செலவழித்துவிடும். ஆபத்து கூடும். முதலில் தயமின், பிறகு சலைன், ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைவாக இருந்தால் அதுவும். டாக்டர்களுக்கு இது தெரியும். கூட்டத்தில் விட்டுப்போகாமல் இருக்கக் கூட வருகிறவர் கேட்பதில் தப்பில்லை.

இன்னொன்று. "சிறுநீரில் கீட்டோன் இல்லை, ஆகவே உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று திருப்பி அனுப்புவது உண்டு. கீட்டோன் என்பது பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வருவது. இங்கிலாந்து மகப்பேறு மருத்துவர்களின் ராயல் காலேஜ் 2024-ல் திருத்திய வழிகாட்டியில், கடுமையை அளக்கக் கீட்டோனைப் பார்க்க வேண்டாம் என்றே எழுதிவிட்டார்கள். எடையைப் பாருங்கள். கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5 சதவீதம் குறைந்தால் அது சாதாரண மசக்கை இல்லை. 52 கிலோ ஆளுக்கு இரண்டரை கிலோ.

மன்னை_அக்கா:

நான் இரண்டு முறையும் இதில் விழுந்து எழுந்தவள். இரண்டாவது, தெரிந்தே எடுத்த முடிவு.

இரண்டாவது தடவையும் வந்தது, பாபநாசம் தங்கச்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தது குறைவு, எடை இறங்கியதும் குறைவு. காரணம் மன தைரியம் இல்லை. பிள்ளைக்கு முயற்சி செய்வதற்கு முன்பே டாக்டரிடம் போனேன். பழைய டிஸ்சார்ஜ் சீட்டுகளை எடுத்துப் போய் மேஜைமேல் வைத்தேன். "இது மறுபடி வந்தால் உங்கள் திட்டம் என்ன?" என்று கேட்டேன். முதலில் பார்த்த டாக்டர் சிரித்தார். அங்கே திரும்பப் போகவில்லை. இரண்டாமவர் பேனாவை எடுத்து எழுதினார்: நாள் தள்ளிப் பரிசோதனையில் தெரிந்த உடனே டாக்சிலமின், பைரிடாக்சின் சேர்ந்த மாத்திரை, வாந்திக்குக் காத்திருக்கக் கூடாது. அது போதாவிட்டால் அடுத்தது எது, அதற்கும் அடங்காவிட்டால் எது, எந்த நிலையில் வந்து சேர வேண்டும். அந்தத் தாளை பிரிட்ஜ்மேல் ஒட்டி வைத்திருந்தோம். ஊரில் யாருக்கும் சொல்லாமல் மூன்று மாதம் மறைக்கும் வழக்கத்தை விட்டோம். மறைத்தால் உதவி எப்படி வரும்?

முதல் பிள்ளையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய பாரம். வாந்தியோடு படுத்துக்கிடக்கலாம், ஆனால் வாசலில் நின்று "அம்மா எப்போ எழுந்திருப்பே" என்று கேட்கிற பிள்ளையை என்ன செய்வது? என் அம்மா வந்து தங்கினார், பால்வாடியில் விட என் தம்பி மனைவி ஒத்துக்கொண்டாள், எங்கள் வீட்டுச் சமையல் முழுக்கக் கொல்லையில் போட்ட விறகடுப்புக்கு மாறியது. மாமனாருக்குத் தாளிதம் இல்லாமல் சாப்பாடு இறங்காது. அவருக்கு என் நாத்தனார் வீட்டில் இருந்து தூக்குச்சட்டியில் வந்தது. இத்தனையும் பேசி முடித்த பிறகுதான் சரி என்றேன்.

உங்கள் கணவர் "உன் இஷ்டம்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனிதராக இருப்பார். ஆனாலும் அது பதில் இல்லை. "நான் என்னென்ன செய்வேன்" என்று அவர் சொல்ல வேண்டும்.

திருவாரூர்_வயல்காரன்:

ஆண்கள் இங்கே எழுதலாமா தெரியவில்லை. மன்னை அக்கா கடைசியில் சொன்னதற்காக எழுதுகிறேன். எங்களுக்கு இரண்டாவது போன வருஷம் பிறந்தது. மனைவிக்கு முதலில் இதே கதைதான். நாங்கள் உட்கார்ந்து போட்ட கணக்கு விவசாயக் கணக்கு. மோசமான காலம் ஆறாவது வாரத்தில் இருந்து பதினாறு, இருபது வரை. அது சம்பா அறுப்பில் வந்து விழுந்தால் நான் வயலுக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் அலைவேன், வீட்டில் ஆள் இருக்காது. தை அறுப்பு முடிந்து, தரிசில் தெளித்த உளுந்தையும் எடுத்துவிட்டால் மேட்டூர் திறக்கும் ஜூன் 12 வரை எனக்குக் கை ஓய்வு. அந்த இடைவெளியில் வருகிற மாதிரி பார்த்தோம். நாம் நினைத்தபடி எல்லாம் கரு தங்காது என்பது தெரியும், இருந்தாலும் மாசி தவறினால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பேசி வைத்திருந்தோம்.

மன்னை_அக்கா:

தம்பி, கணக்கு சரி, ஆனால் சித்திரை வைகாசி வெயிலில் தண்ணீர் தங்காமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று உங்கள் மனைவியையும் கேட்டுத்தானே போட்டீர்கள்? கரண்ட் வேறு போகும்.

திருவாரூர்_வயல்காரன்:

கேட்டோம் அக்கா. வெயிலா, தனியாகவா என்று வந்தபோது அவள்தான் வெயில் என்றாள். இன்வெர்ட்டர் வாங்கினோம்.

நாகை_கடலோரம்:

நான் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நான் இரண்டாவதைக் கலைத்தேன். வேண்டாத பிள்ளை இல்லை. கேட்டு வாங்கிய கர்ப்பம். பத்தாவது வாரத்தில் என்னால் தலை தூக்க முடியவில்லை. மகன் தூக்கத்தில் அழுதான். கணவர் கடலில். மாத்திரை, ஊசி எதுவும் கேட்கவில்லை.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. "ஆரம்பித்தால் திரும்ப வழியில்லை" என்ற பயத்தில் முடிவு எடுக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். 20 வாரம் வரை ஒரு பதிவு பெற்ற மருத்துவர் போதும். வயது வந்த பெண்ணின் சம்மதத்தைத்தான் சட்டம் கேட்கிறது, கணவர் கையெழுத்தைக் கேட்கவில்லை. நான் முதலில் போன இடத்தில் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று உட்கார வைத்தார்கள். வேறு இடம் போனேன்.

இன்றைக்கும் அந்த மாதம் வந்தால் கஷ்டமாக இருக்கும். செய்தது சரி என்றும் தெரியும். இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

பாபநாசம்_மருமகள்:

நாகை அக்கா, எழுதியதற்கு நன்றி. நேற்று இரவு இதைப் படித்துவிட்டுத் தூங்கவில்லை, ஆனால் மனசு லேசாக இருந்தது. என் வீட்டில் யாரிடமும் கேட்க முடியாத கேள்வி அது.

இரண்டு சந்தேகம். வாந்தியை அடக்கும் ஆன்டன்செட்ரான் மாத்திரை குழந்தைக்குக் கெடுதல் என்று போனமுறை மெடிக்கல் கடைக்காரர் சொல்லி, நான் போடாமலே விட்டேன். உண்மையா? அப்புறம் அலுவலக லீவு. போனமுறை சம்பளம் இல்லாமல் கிடந்தேன்.

இழை_நடத்துநர்:

மாத்திரை பற்றி எழுதுகிறவர்கள் அளவு குறிப்பிட வேண்டாம். டாக்டர், ஆஸ்பத்திரி பேர் சொல்லிக் குறை எழுதாமல் இருப்பதற்கு நன்றி.

வெண்ணாற்றங்கரை_நர்ஸ்:

ஆன்டன்செட்ரான்: முதல் மூன்று மாதத்தில் போட்டவர்களின் குழந்தைகளுக்கு உதடு, அண்ணப் பிளவு வரும் வாய்ப்பு மிகச் சிறிய அளவு கூடுகிறது. பத்தாயிரம் குழந்தைகளில் 11 பேருக்கு வருவது 14 ஆகிறது. அதனால் முதல் மருந்தாக இல்லாமல், மற்றவை கேட்காதபோது இரண்டாவதாகத் தருகிறார்கள். இதை அந்தப் பக்கம் வைத்து, எட்டு கிலோ இழந்து கிடப்பதை இந்தப் பக்கம் வைத்து உங்கள் டாக்டர் பார்க்கட்டும். கடைக்காரர் பார்க்க வேண்டிய கணக்கு இல்லை. போட்டால் மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்துக் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டினால் அந்த வாரங்களில் நிறுத்தி வைக்கலாமா என்று கேளுங்கள். போலிக் அமிலத்தை விடாதீர்கள். வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்க வேண்டாம், எனாமல் தேய்ந்துவிடும். கொப்பளித்தால் போதும்.

இப்போதே செய்ய வேண்டியது ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்து, இழந்த எடையைப் பிடிப்பது. பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் 24 மாத இடைவெளி வேண்டும் என்பார்கள், அது உங்களுக்குத் தாண்டிவிட்டது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் முதல் இரண்டு பிரசவத்துக்கும் உண்டு, 18,000 ரூபாய், அதில் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். உங்கள் நர்ஸிடம் சீக்கிரம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். படுக்கையில் விழுந்த பிறகு அலைய முடியாது.

ஒரத்தநாட்டுக்காரி_சிங்கையில்:

லீவு: இரண்டு பிள்ளை வரை 26 வாரம் சம்பளத்தோடு. அதில் பிரசவத்துக்கு முன்பு 8 வாரம்தான் எடுக்க முடியும், உங்கள் மோசமான காலம் அதில் அடங்காது. ஆனால் கர்ப்பத்தால் வரும் நோய்க்கு மருத்துவச் சான்று கொடுத்தால் கூடுதலாக ஒரு மாதம் சம்பளத்தோடு கேட்க உரிமை உண்டு. நம் பக்கத்தில் பல நிறுவனங்களில் இதைக் கேட்டவர்களே இல்லை. இப்போதே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பாபநாசம்_மருமகள்:

இன்றைக்கு நிலவரம். கணவரிடம் இந்த இழையைப் படிக்கக் கொடுத்தேன். வயல்காரன் அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தார். ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறார்: மில் வாடை இல்லாத இடமாகத் தஞ்சாவூரில் நாலு மாதத்துக்கு ஒரு சின்ன வீடு, மகளை அங்கே பள்ளியில் விடுவது, என் அம்மா எத்தனை நாள், அவர் எத்தனை நாள். வாடகையைப் பார்த்துத் தலையைச் சொறிகிறார். மாமியாரிடம் வேதிகை கதையைச் சொல்லவில்லை, அது சண்டையாகிவிடும். ஆனால் பாட்டி சொன்ன கேள்வியைக் கேட்டேன். "எத்தனை மாதம் என்னை வைத்துப் பார்ப்பீர்கள் அத்தை?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு முட்டி வலி, என்னால் மாடி ஏற முடியாது, கீழ் அறையைக் காலி செய்யலாம்" என்றார்.

முடிவு எடுத்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். பொங்கல் கழித்து டாக்டரைப் பார்க்கிறோம். எழுதித் தரமாட்டேன் என்று அவர் சொன்னால் வேறு டாக்டர். வீட்டு வாடகையும் லீவும் சரிவரவில்லை என்றால் இந்த வருஷம் இல்லை. டிகிரி தோழி, நீங்கள் கேட்டதற்குப் பதில்: நிறுத்திவிடலாம் என்று நினைத்துப் பார்த்தேன். ஏமாற்றமாகத்தான் இருந்தது.

கும்பகோணம்_டிகிரி:

அப்படியானால் வாடகை வீடு பார்க்கும்போது பக்கத்தில் ஓட்டல் இருக்கிறதா என்று மோப்பம் பிடித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

வேதாரண்யம்_தங்கை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அக்காவுக்கு ஒன்பதாவது வாரம். இரண்டாவது கர்ப்பம். நேற்று காலையில் இருந்து ஒரு வாய் தண்ணீர் தங்கவில்லை. இன்று காலையில் இருந்து சிறுநீரே போகவில்லை. எழுந்தால் மயக்கம் வருகிறது. மாமா நாளைக்கு அழைத்துப் போகலாம் என்கிறார். காத்திருக்கலாமா?

வெண்ணாற்றங்கரை_நர்ஸ்:

காத்திருக்கக் கூடாது. இப்போதே 108-ஐக் கூப்பிடுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் தங்காதது, எட்டு மணி நேரம் சிறுநீர் போகாதது, மயக்கம், வாந்தியில் ரத்தம், குழப்பமான பேச்சு, இதில் ஒன்று இருந்தாலே போக வேண்டும். உங்கள் அக்காவுக்கு மூன்று இருக்கிறது. முதல் கர்ப்பத்தின் சீட்டு, கர்ப்பத்துக்கு முந்தைய எடை எழுதிய அட்டை இரண்டையும் கையில் எடுங்கள். காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமோ வலியோ இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வேதாரண்யம்_தங்கை:

சேர்த்துவிட்டோம். சோடியம், பொட்டாசியம் பார்க்க ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஸ்கேன் நாளைக்கு. தயமின் பற்றிக் கேட்டேன், சலைன் தொடங்கும் முன்பே ஊசியில் போட்டாகிவிட்டது என்றார் சிஸ்டர். மாமா வெளியே டீ குடிக்கப் போயிருக்கிறார். டீ வாசனையோடு உள்ளே வராதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.